பந்து நம்மிடம் இருக்கும்போது

செப்டம்பர் 22, செவ்வாய்

இன்றைக்கு ஒருவரின் ஈறைக் குத்திவிட்டேன். பல் சுத்தம் செய்கிற வேலையில் சேர்ந்ததிலிருந்து இப்படி நடந்ததில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுகிற ரகம் அந்த ஆள். "நம்ம கெஸ்ட்ரல்ஸ் ஊரை விட்டே போறாங்களாமே! முதலாளி நியூ கார்மல்ல இடம் பாத்துட்டானாம்" என்றார். மற்றதெல்லாம் கொழகொழவென்று கேட்டது, நியூ கார்மல் மட்டும் தெளிவாகக் கேட்டது. கை வழுக்கிவிட்டது.

"மன்னிச்சிடுங்க" என்று பஞ்சை வைத்து அழுத்தினேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். "எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு. நீங்களும் ரசிகையா?"

நானாவது, ரசிகையாவது! அமெரிக்கன் ஃபுட்பால் என்கிற அந்த முட்டை வடிவப் பந்தால்தான் என் குடும்பமே உடைந்தது. என் முன்னாள் கணவன் டுவேன் கெஸ்ட்ரல்ஸ் அணியின் தலைக்கவசங்களுக்கும் சட்டைகளுக்கும் பொறுப்பாள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. பிரிந்தபோது எங்கள் மகள் லிடியாவுக்கு ஏழு வயது. ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அவனிடம் என்று கோர்ட்டில் முடிவானது. அன்றைக்கு என் வக்கீலம்மா போகிற போக்கில் ஒன்று சொன்னாள்: "பதினாலு வயசாயிட்டா, பொண்ணு யார்கிட்ட இருக்கணும்னு சொல்றதை ஜட்ஜ் காதுல போட்டுக்குவார்."

அணி போனால் டுவேன் போவான். ஜனவரியில் லிடியாவுக்குப் பதினாலு.

செப்டம்பர் 23, புதன்

நியூ கார்மல் எவ்வளவு தூரம் என்று தேடிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

செப்டம்பர் 27, ஞாயிறு

டிவியில் அந்த முதலாளி. பல்லெல்லாம் பீங்கான், ஒன்றுகூடச் சொந்தமில்லை. "எங்க மைதானத்துல பாதி நாற்காலியில வெளியூர்க்காரங்கதான் உக்காந்திருக்காங்க. இந்த ஊருக்கு இந்த அணி வேணாம் போலிருக்கு. நான் என்ன பண்றது?" என்று சிரிக்கிறான்.

சிரித்த சிரிப்பில் என் பிள்ளையையும் சேர்த்து மூட்டை கட்டுகிறான், அவனுக்கே தெரியாமல்.

அப்புறம் யோசித்தேன். நம் ஊர்க்காரர்கள் போய் உட்கார்ந்தால்? நான் போய் உட்கார்ந்தால்? ஒருத்தி போய் என்ன ஆகும் என்றும் தோன்றியது. சும்மா உட்கார்ந்து நகத்தைக் கடிப்பதற்கு, அங்கே போய்க் கடிக்கலாம். இந்த ஆட்டப் பருவம் முடிகிற வரை இரண்டு இருக்கை வாங்கிவிட்டேன். மேல் அடுக்கு, வெயில் பக்கம்.

லிடியாவிடம் சொன்னேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அம்மா, உனக்கு ஜுரமா?"

பிறகு கட்டிக்கொண்டாள். அவளாக வந்து கட்டிக்கொண்டு எத்தனை நாள் ஆகிறது!

அக்டோபர் 4, ஞாயிறு

தொண்டை போய்விட்டது. மானமும் போய்விட்டது.

பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, கன்னத்தில் லிடியா தீட்டிவிட்ட பச்சைக் கோடு. ஊரே என்னைப் பார்த்துத்தான் அணியை வைத்துக்கொள்ளப் போகிறது என்கிற நினைப்பில், ஆட்டம் தொடங்கியதும் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தேன். "போடு! போடு! விடாதே!" சுற்றி ஒரு சத்தமும் இல்லை. பார், இதனால்தான் அணி போகிறது, ஒருத்தனுக்கும் உசிரே இல்லை என்று இன்னும் பலமாகக் கத்தினேன். எங்கள் ஆள் ஒருவன் முந்திக்கொண்டு பாய்ந்துவிட்டான். விசில். தண்டனை.

வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்து இருக்கைக்காரர் ரூபன் என்று ஒரு பிளம்பர், இந்த நாற்காலியிலேயே வளர்ந்தவர் மாதிரி இருந்தார். அவர் குனிந்து ரகசியம் போலக் கேட்டார்.

"அம்மணி, நீங்க எந்தக் கட்சி?"

"நம்ம கட்சிதான்! ஏன்?"

"அப்படின்னா தயவுபண்ணி வாயை மூடுங்க. பந்து நம்மகிட்ட இருக்கு."

எனக்குப் புரியவில்லை. லிடியா தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "அம்மா, நம்ம பசங்க கையில பந்து இருந்தா பேசக் கூடாதும்மா. எப்பப் பாயணும்னு பந்தை எறியற குவாட்டர்பேக் குரல் கொடுப்பான், அது மத்தவங்களுக்குக் கேக்கணும். அவங்க கையில பந்து போனா அப்பக் கத்து. அவங்களுக்குக் காது கேக்காம பண்ணு."

டுவேனோடு அத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இதுகூடத் தெரியாது எனக்கு.

அக்டோபர் 18, ஞாயிறு

தோற்றோம். ஆனால் நல்ல நாள். ஃப்ரீசரில் இருந்த லிங்குயிசா சாசேஜை வறுத்து ரொட்டியில் வைத்து எடுத்துப் போனேன். ரூபனுக்கும் ஒன்று. "அம்மணி சமையல்ல நம்ம கட்சிதான்" என்றார். லிடியா என் தோளில் சாய்ந்துகொண்டு ஒவ்வொருவன் பேரையும் சொல்லித் தந்தாள். கீழே ஓரத்தில் டுவேன் சின்னதாகத் தெரிந்தான். கையசைத்தாள். நானும் அசைத்தேன். அவன் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

இரண்டு மூன்று மணி நேரம் பயப்படவே மறந்துவிட்டேன்.

அக்டோபர் 21, புதன்

லிடியாவின் அலமாரியில் துணி வைக்கப் போனேன். உள்ளே தடியாக ஒரு பனிக்கோட்டு. விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது. எங்கள் ஊரில் டிசம்பரிலேயே அரைக்கைச் சட்டையோடு திரிகிறோம். யாருக்கு எதற்குப் பனிக்கோட்டு?

கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே.

அக்டோபர் 24, சனி

நேராகக் கேட்கவில்லை, சரி. அதற்காக இப்படியா? சாப்பிடும்போது, "நியூ கார்மல்ல குளிர்ல உதடெல்லாம் வெடிச்சு ரத்தம் வருமாம்" என்றேன். சூப்பைக் கலக்கிக்கொண்டு, யாரோ சொன்ன சேதி மாதிரி. ஒரு நிமிஷம் கழித்து, "அங்க கடலே கிடையாதாம்" என்றேன். லிடியா தட்டைப் பார்த்தபடி "ம்" என்றாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை எனக்கு. பயம் வந்தால் வாயால்தான் வருகிறது.

நவம்பர் 1, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

இன்றைக்கு ஹாமர்ஸ் என்கிற வெளியூர் அணியோடு ஆட்டம். வண்டி நிறுத்துகிற இடத்திலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கே பார்த்தாலும் ஆரஞ்சு. ஆரஞ்சுத் தொப்பி, ஆரஞ்சுக் கொடி, ஆரஞ்சு ஸ்வெட்டர் போட்ட நாய். சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள் — ரப்பர்தான், ஆனாலும். உள்ளே போனால் மைதானமே ஆரஞ்சு. பச்சை அங்கொன்றும் இங்கொன்றும், சட்டையில் ஒட்டிய பச்சை நூல் அளவு. லிடியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நாம தப்பான ஊருக்கு வந்துட்டோமா?" வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

ரூபன் நாற்காலியில் ரூபன் இல்லை. ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒரு பெரிய அம்மாள். பெவ் என்று பேர் சொன்னாள்.

"இது ரூபனோட சீட்டாச்சே?"

"அந்தத் தம்பி வித்துட்டாரும்மா. எங்க வரிசை பூரா இப்படி வாங்கினதுதான். போகப்போற அணிக்கு எதுக்கு உக்காரணும்னு சொல்றாங்களாம் உங்க ஆளுங்க."

பாவி! என் லிங்குயிசாவைத் தின்றானே!

ஆட்டம் தொடங்கியது. ஹாமர்ஸ் கையில் பந்து இருந்தபோது மைதானம் முழுக்கச் செத்த அமைதி. நானும் லிடியாவும் மட்டும் கத்துகிறோம், கிணற்றுக்குள் கத்துகிற மாதிரி. பந்து எங்கள் பையன்களிடம் வந்ததும் — கடவுளே! அந்த இரைச்சல்! கான்கிரீட் அதிர்ந்தது. பெரிய திரையில் யாரோ பழக்கதோஷத்தில் "அமைதி! நம் அணி விளையாடுகிறது!" என்று போட, ஆரஞ்சுக் கூட்டம் அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்து இன்னும் கத்தியது. எங்கள் குவாட்டர்பேக் இரண்டு கையையும் காதில் பொத்திக்கொண்டு நிற்கிறான். சொந்த மைதானத்தில் அவன் குரல் அவன் ஆட்களுக்கே கேட்கவில்லை. காலைத் தூக்கிக் காட்டித்தான் பந்தை வாங்குகிறான். டுவேன் ஓரத்தில் முட்டி போட்டு அவன் தலைக்கவசத்தின் காது ஓட்டையை எதையோ வைத்து அடைத்துக்கொண்டிருந்தான். கேமரா அதையும் காட்டியது. முதலாளி மேலே கண்ணாடி அறையில் கைகட்டி நின்றான். அதையும் காட்டியது.

அவ்வளவுதான், முடிந்தது என்று தெரிந்துவிட்டது எனக்கு. இதை நாடே பார்க்கிறது. இனி ஒருவனும் பேச மாட்டான் இந்த ஊருக்காக.

எழுந்து நின்று ஆரஞ்சுக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். "வாயை மூடுங்கடா! எங்க பசங்களுக்குக் கேக்க வேணாமா! மூடுங்க!" கத்தக் கத்த அவர்கள் சத்தத்தில்தான் சேர்ந்தது. லிடியா, "நான் போய் நாச்சோஸ் வாங்கிட்டு வரேன்" என்று நழுவினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. விக்கி விக்கி.

பெவ் பயந்துவிட்டாள். காகிதத் துவாலையை எடுத்து நீட்டினாள். "ஐயையோ, என்ன கண்ணு இது! ஒரு ஆட்டத்துக்குப் போயி இப்படி அழுவாங்களா?"

"ஆட்டமாவது மண்ணாவது! எனக்கு இந்த ஆட்டமே பிடிக்காதுங்க. பாத்தாலே எரிச்சல். அணி போச்சுன்னா அவன் போவான், அவன் போனா என் பொண்ணு போயிடுவா. அதுக்காகத்தான் வந்து உக்காந்து தொலைக்கிறேன். இல்லேன்னா எவ வருவா இங்க!"

பெவ் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

லிடியா படியில் நின்றாள். பர்ஸை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அதை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காரில் ஏறின பிறகுதான் கேட்டாள்.

"என்கூட வர்றதுக்காக வரலியா நீ?"

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. நிறையச் சொன்னேன். வழி முழுக்கச் சொன்னேன். "அப்பா வீட்ல இறக்கி விடு" என்றாள். என்னுடைய வாரம்தான். இறக்கிவிட்டேன்.

நவம்பர் 3, செவ்வாய்

போன் எடுக்கவில்லை.

நவம்பர் 4, புதன்

எடுக்கவில்லை. டுவேன்தான் எடுத்து, "பள்ளிக்கூடம் போயிட்டு வந்தா, சாப்பிட்டா, நல்லா இருக்கா" என்றான், ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்கிற மாதிரி. நானே கொண்டுபோய் அவளை அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். பனிக்கோட்டு வாங்கித் தந்தவன் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நானே செய்துவிட்டேன்.

நவம்பர் 26, தேங்க்ஸ்கிவிங்

வான்கோழியில் பாதிகூடத் தீரவில்லை. தனியாகச் சாப்பிட எதற்கு முழுசாக வாங்கினேன்? வருவாள் என்று நினைத்தேனா?

சாயங்காலம் டுவேன் வந்தான், அவளுடைய நோட்டு ஒன்றை எடுக்க. வாசலிலேயே நின்றான். தட்டில் போட்டுக் கொடுத்தேன், நின்றுகொண்டே சாப்பிட்டான்.

"போறியா?" என்று கேட்டேன்.

"அணி போறதே இன்னும் முடிவாகல ஒடீலியா. ஆனாலும், கூப்பிட்டா போவேன். எனக்கு வேற என்ன தெரியும்?"

"அவ?"

"நான் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அந்தக் கோட்டை அவளேதான் தேர்ந்தெடுத்தா. வாங்கிக் குடுன்னா, குடுத்தேன்." எலும்பைத் தட்டில் வைத்தான். "ஆட்டத்துக்கு வா வான்னு நான் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன் உன்னை. அப்ப வரல. இப்ப வந்து, பந்து நம்மகிட்ட இருக்கறப்பக் கத்தறியாம். எங்க ஆளுங்களே சிரிச்சாங்க."

சிரித்தான். நானும் சிரித்தேன். போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கோட்டை அவளே தேர்ந்தெடுத்தாள். அவளே.

டிசம்பர் 18, வெள்ளி

லிடியாவிடமிருந்து செய்தி: "ஞாயிறு கடைசி ஆட்டம். வர்றியா?"

வர்றேன் என்று அனுப்ப இவ்வளவு நேரம் யோசிப்பேன் என்று நினைக்கவில்லை. வேறு எதுவும் சேர்த்து எழுதிவிடக் கூடாதே என்றுதான். "வர்றேன்" என்று மட்டும் அனுப்பினேன்.

டிசம்பர் 20, ஞாயிறு

இன்றைக்கும் பாதிக்கு மேல் வெளியூர்க் கூட்டம். ரூபன் வந்திருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அம்மணி, அன்னைக்கு வித்தது தப்புதான், விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன். சண்டை போட யாருக்குத் தெம்பு?

லிடியா கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தாள். ஆட்டம் பாதி ஓடிய பிறகு, கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, அணி போச்சுன்னா நான் அப்பாகூடப் போகலாம்னு இருக்கேன். உன்மேல கோவத்துல இல்ல. முன்னாடியே நினைச்சதுதான். அங்க தனியா அப்பா டப்பா சாப்பாடே தின்னுட்டு இருப்பாரு. நீ சமாளிச்சுக்குவே. அவரு மாட்டாரு."

எத்தனை வார்த்தை வந்தது வாய் வரைக்கும்! நானா சமாளிப்பேன்? நீ இல்லாத வாரத்தில் நான் எப்படி இருப்பேன் தெரியுமா? உனக்கென்னடி தெரியும்? எல்லாம் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

பந்து எங்கள் பையன்களிடம் இருந்தது. எங்கள் வரிசையில் பச்சை போட்டவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மீதி மைதானம் ஊளையிட்டது. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். லிடியா அதைப் பார்த்தாள். என்னவோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள், நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"அங்க போக எனக்குப் பயமாவும் இருக்கும்மா" என்றாள்.

அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போகாதே என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 14, வியாழன்

போகிறது. மதியம் அறிவித்துவிட்டார்கள். முதலாளி பீங்கான் பல்லோடு பச்சைக் கொடியை ஆட்டினான். டுவேனையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

கடைசியாக வந்த பேஷண்ட் என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னொரு நாள் வரட்டுமா?" என்று கேட்டார். வரச் சொன்னேன்.

ஜனவரி 23, சனி

பதினாலு. கேக் நன்றாக வந்திருந்தது. ஊதுவதற்கு முன் கண்ணை மூடி எதையோ வேண்டிக்கொண்டாள். என்னவென்று கேட்கவில்லை. இப்போதெல்லாம் எதையும் கேட்பதில்லை நான், அவளாகவே நிறையச் சொல்கிறாள்.

பிப்ரவரி 9, செவ்வாய்

கோர்ட்டு வராந்தா. வக்கீலம்மா என்னை ஓரமாக அழைத்துப் போனாள். "நாம ஜெயிக்கலாம். அவர் ஞாயிறு பூரா மைதானத்துல, பாதி நாள் வெளியூர்ல. பிள்ளையை யார் பாத்துக்குவாங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும்."

ஜெயிக்கலாம் என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எச்சில் ஊறியது எனக்கு, பொய் சொல்ல மாட்டேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் லிடியா ஜட்ஜோடு பேசிக்கொண்டிருந்தாள். குரல் கேட்கவில்லை. கையை ஆட்டி ஆட்டி விளக்குகிறாள், என்னைப் போலவே.

கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "நல்லா யோசிச்சீங்களா?" என்றாள். யோசிக்கவெல்லாம் இல்லை. யோசித்திருந்தால் கேட்கச் சொல்லியிருப்பேன்.

பள்ளிக்கூட நாளெல்லாம் அங்கே. கோடையும் கிறிஸ்துமஸும் இங்கே. நான் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். கையெழுத்துப் போட்டேன். பயந்துகொண்டே இருந்தது நடந்துவிட்டது. நடந்த பிறகாவது பயம் போகும் என்று நினைத்தேன். எங்கே?

ஆகஸ்ட் 6, சனி

ஏற்றிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 18, ஞாயிறு. நியூ கார்மல்

டுவேனின் சோபாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் ஆட்டம் முடிந்து சாமான்களை எண்ணி எடுத்து வைக்க மைதானத்திலேயே இருக்கிறான். லிடியா குளிக்கிறாள்.

விமானத்தில் வரும்போது நகம் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆறு வாரம்தான் ஆகிறது, ஆனாலும் ஒன்று தோன்றிவிட்டது. என்னை வெளியாளைப் போல நடத்துவாளோ? காப்பி வேணுமா, உக்காருங்க என்பாளோ? வெளியே வருகிற வழியில் அவளைப் பார்த்ததும் வளர்ந்துவிட்டாள் என்றுதான் முதலில் தெரிந்தது. உதடு வெடித்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பனி இன்னும் வரவில்லையாம்.

இங்கே இன்றைக்கு முதல் ஆட்டம். புது மைதானம், பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. வாசலில் ஒரு பெண்மணி எல்லாருக்கும் பச்சைத் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்களுக்கு மட்டும்தானாம். வெளியூர்க்காரர்கள் அந்தப் பக்கத்து வாசலுக்குப் போக வேண்டும். என்னிடம் பச்சையும் இல்லை, எதுவும் இல்லை. வந்த சாம்பல் நிற ஸ்வெட்டரோடு நின்றேன்.

"நீங்க உள்ளூரா, வெளியூரா?" என்று கேட்டாள்.

வெளியூர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லிடியா முந்திக்கொண்டாள்.

"எங்கம்மா. வீட்லேர்ந்து வந்திருக்காங்க."

"அப்படியா! வீடு எந்தத் தெரு?"

"ஆல்பகோர் தெரு" என்றாள் லிடியா. எங்கள் தெரு. கடலுக்கு இறங்குகிற தெரு.

"இந்த ஊர்ல அப்படி ஒரு தெரு இருக்கா என்ன?"

"இங்க இல்ல" என்று சொல்லி, துண்டு ஒன்றை வாங்கி என் தோளில் போட்டு, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

யார் ஜெயித்தார்கள் என்று டுவேன் வந்ததும் கேட்க வேண்டும்.